ஏழு எண்ணுகிறவன்

பதினெட்டு நிமிடப் பாட்டில்
ஒன்பதாவது நிமிடத்தில்தான் பாடுகிறவன் வாய் திறப்பான்.
அப்படி ஒரு குழு எங்களுடையது.
நாவலர் வீதியில் டயர்க் கடைக்கு மேலே
முட்டைத் தட்டுகள் ஒட்டிய அறை.
ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று
நான் ட்றம்ஸில் எண்ணிக்கொண்டிருக்க
யூஜின் ராஜநேசன் கிற்றாரில்
கோபுரத்துக்கு மேல் கோபுரம் கட்டுவான்.
கேட்க வந்தவர்கள்
உச்சியைப் பார்த்துக் கழுத்து நொந்து
கடைசியில் கைதட்டுவார்கள்,
முடிந்ததற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

போன மாரியில் ஒருநாள் வயரைச் சுருட்டியபடி சொன்னான்:
"மச்சான், எனக்கு ஆக்கள் ஆடவேணும்."
அவ்வளவுதான்.
எட்டுப் பெடல்களில் ஏழை மேசையில் விட்டுவிட்டு
படியிறங்கிப் போனான்.
ஏழும் இன்னும் என்னிடம்.
ஒன்றை இரவல் கேட்டு வந்த பெடியனை
விசரன் மாதிரிப் பேசி அனுப்பினேன்.

அவனுடைய புதுக் கூட்டத்தைப் பற்றிக் கதை வந்தது.
ட்றம்பெற்றும் ட்றொம்போனும்
பாசையூரில் சவ ஊர்வலங்களுக்கு ஊதுகிற இரண்டு சகோதரர்கள்.
பாடுவது எமெல்டா,
ஸ்ரான்லி வீதி வங்கியில் நகை அடகுப் பிரிவு.
எத்தனை பவுண், எப்ப மீட்பியள் என்று
கேட்டுக் கேட்டே
அடியில் கரகரத்துப்போன குரல்.
ட்றம்ஸுக்குப் பதினேழு வயசுப் பெடி.
நாலு வரைக்கும் எண்ணத் தெரிந்தால் போதுமாம்.

சனிக்கிழமை. குருநகர், ஐஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்து மண்டபம்.
நான் போனது குறை பிடிக்க.
ஹெல்மெற்றைக் கழற்றாமல் பின்சுவரில் சாய்ந்து நின்றேன்.
தனித்து வாசிப்பான், பிடிக்கலாம் என்று காத்திருந்தேன்.
வாசிக்கவில்லை.
ஒரே கோட். இடக்கை விரல்கள்
தந்தியை அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்க
வலக்கை கீரை அரிகிற வேகத்தில்
சிக் சிக்கென்று
சத்தத்தை அல்ல, சத்தத்துக்கு நடுவிலுள்ள இடத்தை
வெட்டி வெட்டி வைத்தது.
ஒவ்வொரு தடவையும் 'ஒன்று' வரும்போது
எல்லோரும் சேர்ந்து அதில் விழுந்தார்கள்,
கரைவலை இழுப்பவர்கள்
ஒரே மூச்சில் பின்னுக்குச் சாய்வதுபோல.

எமெல்டா கண்ணை மூடாமல் பாடினாள்:
மீட்காமல் விட்ட சங்கிலி மாதிரி
என்னை ஏலத்துக்கு விடாதை,
வட்டி எண்டாலும் கட்டு.
முன்வரிசையில் யாரோ "ஓமடி" என்று கத்தினார்கள்.
சேமக்காலை வரைக்கும் மட்டுமே போகத் தெரிந்த ட்றம்பெற்
அன்றைக்கு
வாசலில் நின்று திரும்பி வந்தது.
மீன் சந்தைப் பெண்கள் எழும்பினார்கள்.
சீருடை மாற்றாத ஒரு தாதி
செருப்பைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளினாள்.
என் குதிக்கால்
என்னைக் கேட்கவில்லை.

கடைசிப் பாட்டில்தான் அது நடந்தது.
நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றில்
யூஜின் ஒரு தட்டைத் தின்றுவிட்டான்.
எட்டு வரவேண்டிய இடத்தில்
ஏழு.
மண்டபம் முழுக்கக் கால்கள் இடறின.
பெடியன் கம்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி
எங்கே இறக்குவது என்று விழித்தான்.
தாதி பக்கத்து ஆளின் விரலை மிதித்துச் சிரித்தாள்.
பின்சுவரோடு
ஒரேயொரு கால் மட்டும்
சரியாக விழுந்தது.

பிழையா, பகிடியா, கூப்பிட்டானா, தெரியாது.
வெளிச்சம் அவன் கண்ணில் அடித்தது,
நான் நிற்பது தெரிந்திருக்காது.
அடுத்த 'ஒன்றில்' எல்லோரையும் திரும்ப
அள்ளி எடுத்துக்கொண்டான்.

காணாமலே வெளியே வந்தேன்.
கடற்கரை வீதியில் முன்னுக்கு ஒரு ஐஸ் லொறி,
பின்கதவால் சொட்டிக்கொண்டு போனது.
அதையும் எண்ணினேன்.
பண்ணைப் பாலத்தடியில் மோட்டர்சைக்கிளை நிறுத்தி
'நாளைக்கு வந்து பெடலுகளை எடு' என்று எழுதினேன்.
அனுப்பவில்லை.
அழித்துவிட்டு
'ஆறு பெடல் கிடக்கு, வந்து எடு.
ஒண்டு எனக்கு வேணும்'
என்று அனுப்பினேன்.